ஒரு ‘விரைவில்’ என்பது எத்தனை நாள்?

போன கிழமை ஒரு தம்பி எனக்குப் பதினொரு பக்கப் பைல் ஒன்றை அனுப்பியிருந்தார். கொழும்பில் புள்ளிவிபரவியல் படிக்கிற பிள்ளை. அவரும் மூன்று கூட்டாளிகளும் வெள்ளவத்தையில் ஓர் அறையில் கூடியிருந்து, அசல் ஆய்வுக் கட்டுரை போலவே சுருக்கம், முறையியல், வரைபு, முடிவு எல்லாம் வைத்து எழுதியிருக்கிறார்கள். ஆராயப்படுகிறவர் ஒரு பத்திரிகையாளர். ஞாயிறு தோறும் பத்தி எழுதுகிறவர். ஆட்சி விரைவில் கவிழும், இன்ன கட்சி விரைவில் உடையும், இன்ன அமைச்சர் விரைவில் வெளியேறுவார் என்று எழுதி எழுதியே பேர் எடுத்தவர். அதே எழுத்தால் பகையும் சம்பாதித்தவர். அவருடைய பெயர் இங்கே தேவையில்லை. தம்பி கேட்டது இதுதான்: “அங்கிள், பகிடி விஞ்ஞானத்தால் ஒரு பத்திரிகையாளரை நக்கல் அடிப்பது சரியா? சரி என்றால் எப்படிச் செய்ய வேண்டும்? ஏதும் சிக்கல் வருமா?”

நான் பௌதிகவியல் படித்துவிட்டு, கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் செய்தி மேசையில் இருபத்திரண்டு வருடம் இருந்தவன். விஞ்ஞானமும் என் வீடு, பத்திரிகையும் என் வீடு. அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

செய்யலாம் தம்பி. செய்யவும் வேண்டும். ஊரில் எல்லோரையும் கேள்வி கேட்கிறவரை வாசகர்கள் திருப்பிக் கேட்பதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் நீங்கள் அனுப்பிய பதினொரு பக்கத்தில் நாலு பக்கம்தான் தங்கம். மிச்சம் ஏழையும் எடுத்துவிடச் சொல்வேன்.

முதலில் ஒரு பழைய கதை. உங்களுக்கு முன்னோடி ஒருவர் இருக்கிறார்.

அமெரிக்காவில் தோமஸ் ஃப்ரீட்மன் என்று ஒரு பத்தி எழுத்தாளர். நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையில் எழுதுகிறவர், மூன்று தடவை புலிட்சர் பரிசு பெற்றவர். 2003இல் ஈராக் மீது அமெரிக்கா படையெடுத்தபோது அதை ஆதரித்தார். பிறகு நிலைமை மோசமாகிக்கொண்டு போனது. ‘ஈராக்கின் கதியை அடுத்த ஆறு மாதம் தீர்மானிக்கும்’ என்று 2003 நவம்பர் கடைசியில் எழுதினார். ஆறு மாதம் போனது. மீண்டும் அதே ஆறு மாதத்தைச் சொன்னார். பத்தியில் சொன்னார், தொலைக்காட்சியில் சொன்னார், வானொலியிலும் சொன்னார். ஃபெயார் என்ற ஊடகக் கண்காணிப்பு அமைப்பு 2006 மே மாதத்தில் இவற்றை எல்லாம் திகதியோடு வரிசையாக அடுக்கிக் காட்டியது. அடுத்த சில நாட்களிலேயே, பொருளியல் படித்த டங்கன் பிளாக் என்ற வலைப்பதிவர் அந்த ஆறு மாதத்துக்கு ஒரு பெயர் வைத்தார்: ஒரு ‘ஃப்ரீட்மன் அலகு’. மீற்றர், கிலோகிராம் போல, காலத்தை அளக்க ஒரு புது அலகு. அதன்படி பார்த்தால் 2003 நவம்பரிலிருந்து 2006 மே வரை ஐந்து ஃப்ரீட்மன் அலகு கடந்திருந்தது. ஈராக்கில் எந்த முடிவும் வரவில்லை.

இதை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். கேட்ட உடனேயே எல்லோருக்கும் விளங்கிவிடும். ஏன் விளங்குகிறது என்று யோசித்துப் பாருங்கள். அதில் ஃப்ரீட்மனின் மீசை இல்லை, வீடு இல்லை, சம்பளம் இல்லை, மதம் இல்லை. அவர் தன் வாயால் சொன்ன ஒரு கால அளவு, அதற்கு ஒரு பெயர், அவ்வளவுதான். பகிடி முழுவதும் பெயரில் இருக்கிறது. எண் உண்மையானது. அந்த ஆறு மாதத்தை யாரும் அவர் வாயில் திணிக்கவில்லை. அவரிடம் அதே வருடம் தொலைக்காட்சியில் இதைப் பற்றிக் கேட்டார்கள். முடிவு தெளிவில்லாமல் இருக்கிறது, அதைத்தான் நான் எழுதினேன் என்ற பொருளில் பதில் சொன்னார். அந்தப் பதிலை ஏற்பதும் விடுவதும் வாசகர் பாடு. ஆனால் பதில் சொல்லக்கூடிய கேள்வியாக அந்தப் பகிடி இருந்தது என்பதைக் கவனியுங்கள். நாளடைவில், ஈராக்கைப் பற்றி ‘இன்னும் ஆறு மாதம்’ என்று யார் தவணை கேட்டாலும் இந்த அலகால் அளக்கத் தொடங்கினார்கள். ஆளிடமிருந்து கழன்று, பழக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

விஞ்ஞானிகளுக்குள்ளும் இந்த விளையாட்டு உண்டு. போல் டிராக் என்ற பௌதிகவியலாளர் வாயே திறக்க மாட்டார். கேம்பிரிட்ஜில் அவரோடு இருந்தவர்கள் ‘ஒரு டிராக்’ என்று ஓர் அலகு வைத்திருந்தார்கள்: மணித்தியாலத்துக்கு ஒரு சொல். டிராக் எவ்வளவு பெரிய மூளைசாலி என்பது சொன்னவர்களுக்குத் தெரியும். அவரை ஒரு நாள் பார்த்தவனுக்கும் அந்த அலகு சரி என்று படும். அதனால்தான் அது நிலைத்தது.

நம்மிடமும் இது புதிதில்லை. காளமேகத்தின் மோர்ப் பாட்டை எடுங்கள். தண்ணீர் கூடிய மோரை ஊற்றிவிட்டார்கள். வானத்தில் இருந்தபோது உனக்குக் கார் என்று பெயர், தரைக்கு வந்த பிறகு நீர் என்று பெயர், ஆய்ச்சியர் கைக்கு வந்ததும் மோர் என்று பெயர், “முப்பேரும் பெற்றாயே” என்று அந்த மோரைப் பார்த்துப் பாடினார். ஒரே பொருளின் மூன்று நிலைகளை வரிசைப்படுத்துகிற மாதிரியே அமைந்த பாட்டு. இன்றைக்கு உயர்தர வகுப்பில் பாடமாக எடுத்தாலும் பொருந்தும். மோரில் தண்ணீர் கூட என்பது குடித்த எவருக்கும் தெரியும். அந்த உண்மை இல்லாவிட்டால் பாட்டில் மிஞ்சுவது வசை மட்டும்தான்.

இனி உங்கள் கட்டுரைக்கு வருகிறேன்.

இரண்டாம், மூன்றாம் பக்கங்களில் ‘விரைவில்’ என்பதை ஓர் அலகாக வரையறுத்திருக்கிறீர்கள். அதுதான் உயிர். அந்தப் பத்தி எழுத்தாளரின் பெயரை வைக்காமல் அவருடைய சொல்லையே அலகாக்கியது ஃப்ரீட்மன் கதையை விடவும் நல்ல முடிவு என்று நினைக்கிறேன். ஃப்ரீட்மன் உலகம் முழுக்க வாசிக்கிற பத்திரிகையில் உட்கார்ந்திருக்கிறவர், அவர் பெயரை அலகாக்கினால் அவருக்கு ஒன்றும் ஆகாது. உங்கள் ஆள் மாதச் சம்பளத்துக்கு எழுதுகிறவர். சொல்லை அளந்தாலே யார் என்று வாசிக்கிறவர்களுக்குத் தெரியும்.

ஆனால் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. ‘விரைவில் நடக்கும்’ என்று அவர் எழுதிய திகதியையும், அது நடந்த திகதியையும் எடுத்து, இடைவெளியைக் கண்டு, சராசரி பார்த்திருக்கிறீர்கள். நடக்காதவற்றை என்ன செய்தீர்கள்? விட்டுவிட்டீர்கள். விட்டால் நடந்தவை மட்டும் மிஞ்சும். அதாவது கெதியாய் நடந்தவை மட்டும். சராசரி குறுகி, அந்த மனிதர் உண்மையில் இருப்பதை விடக் கெட்டிக்காரராகத் தெரிவார். சரி, நடக்காத எல்லாவற்றையும் பொய் என்று போடலாமா? அதுவும் அநியாயம். போன ஞாயிறு எழுதியது இந்த ஞாயிறுக்குள் நடக்கவில்லை என்பதற்காக அதைப் பொய் என்று சொல்ல முடியாது.

இதற்கு வழி உங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. 1958இல் எட்வர்ட் கப்லன், போல் மையர் என்ற இருவர் எழுதிய முறை. சத்திரசிகிச்சைக்குப் பிறகு நோயாளிகள் எவ்வளவு காலம் உயிரோடு இருக்கிறார்கள் என்று வைத்தியர்கள் பார்ப்பார்கள் இல்லையா? ஆய்வு முடிகிற நாளில் சிலர் உயிரோடு இருப்பார்கள், சிலர் இடையிலே வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். அவர்களை வெட்டி எறியாமல், ‘இவ்வளவு காலமாவது இருந்தார்’ என்ற தகவலைக் கணக்கில் சேர்க்கிற வழி அது. நீங்கள் அதை அப்படியே எடுங்கள். எழுதப்பட்ட நாளில் ஒரு ‘விரைவில்’ பிறக்கிறது. சொன்னது நடந்த நாளில் அதன் ஆயுள் முடிகிறது. நடக்காதவை இன்னும் உயிரோடு இருக்கின்றன. படிக்கட்டு மாதிரி இறங்கும் அந்தக் கோட்டை வரைந்து, பாதி ‘விரைவில்’கள் முடிய எத்தனை நாள் ஆகிறது என்று பாருங்கள். கதிர்த்தொழிற்பாட்டில் அரை ஆயுட்காலம் என்று படித்தீர்களே, கிட்டத்தட்ட அது. கோடு பாதிக்குக் கீழே இறங்காமலே போனால், பாதி கூட இன்னும் நடக்கவில்லை என்று நேர்மையாக எழுதலாம். இப்படி அவருக்கு நியாயம் செய்து எடுத்த எண்ணை வைத்துச் சிரித்தால் யாரும் மறுக்க முடியாது.

இன்னும் ஒன்று. யாருடைய ‘விரைவில்’ என்று பிரிக்க வேண்டும். வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. அதற்குப் பிறகு ‘மாகாண சபைத் தேர்தல் விரைவில்’ என்று எத்தனை அமைச்சர்கள் சொன்னார்கள், எத்தனை பத்திரிகைகள் போட்டன! அமைச்சர் சொன்னதை அவர் அறிவித்திருந்தால் அந்த ‘விரைவில்’ அமைச்சருடையது. பத்தி எழுத்தாளர் தலையில் கட்டக்கூடாது.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டது.

தொண்ணூறுகளின் கடைசி. எங்கள் அலுவலகத்தில் ஒரு மூத்த செய்தியாளர் இருந்தார். எந்தச் செய்தி எழுதினாலும் ‘நம்பகரமாக அறியமுடிகிறது’ என்று ஒரு வரி வரும். யார் சொன்னது, எப்போது சொன்னது, ஒன்றும் இருக்காது. இரவு வேலையில் புரூப் பார்க்கும் நாங்கள் மூன்று பேர், ஒரு மாதத்துப் பத்திரிகைகளை எடுத்து சிவப்புப் பேனையால் ஒவ்வொன்றையும் வட்டம் போட்டு எண்ணினோம். எண்ணி, ஆய்வறிக்கை மாதிரி ஒரு தாளில் தட்டச்சு செய்து, ‘ஓர் அறியமுடிகிறதுக்கு எத்தனை கிராம் ஆதாரம்’ என்று தலைப்புப் போட்டு, நோட்டீஸ் போர்டில் குத்தினோம். அதுவரைக்கும் சரி. எங்களில் ஒருவர் அடியில் இரண்டு வரி சேர்த்தார். அந்த மனிதர் சில எழுத்துகளை உச்சரிக்கக் கஷ்டப்படுவார். அதை வைத்து ஒரு சமன்பாடு. பிறகு அவருடைய ஊரை வைத்து ஒரு மாறிலி. நானும் சிரித்தேன். தடுக்கவில்லை.

காலையில் அவர் வந்தார். தேத்தண்ணீர்க் கோப்பையோடு போர்டுக்கு முன்னால் நின்று முழுவதும் வாசித்தார். பிறகு எங்கள் மேசைக்கு வந்து, “பதினேழு இல்லை, பதினாறு. ஒன்று பொலிஸ் பேச்சாளருடைய மேற்கோளுக்குள்ளே வருகிறது” என்றார். பழைய பத்திரிகையை எடுத்துப் பார்த்தோம். அவர் சொன்னதுதான் சரி. மேற்கோள் குறிக்குள் இருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. அடியில் இருந்த இரண்டு வரியைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நாங்களும் வாய் திறக்கவில்லை. அந்த நாளுக்குப் பிறகு அவர் எங்களோடு தேத்தண்ணீர் குடிக்க வந்ததில்லை. அலுவலகத்தில் அதைப் பற்றிக் கதைத்தவர்கள் எல்லோரும் அந்த இரண்டு வரியைப் பற்றித்தான் கதைத்தார்கள். ஆதாரம் இல்லாமல் எழுதுவதைப் பற்றி, அதுதானே எங்கள் விஷயம், அதைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. எண்ணிக்கையோடு அவர் வாதாட வந்தார். அதைத் தொடர்ந்திருந்தால் நல்ல உரையாடல் ஒன்று நடந்திருக்கும். அந்த இரண்டு வரியால் கெட்டது. இன்றைக்கும் எனக்கு அது மனதில் கிடக்கிறது.

அதனால்தான் உங்கள் ஐந்தாம் பக்கத்தை வாசித்ததும் கை நடுங்கியது. ‘கைக்கூலிக் குணகம்’ என்று ஒன்றை வைத்திருக்கிறீர்கள். யாரிடமோ காசு வாங்கி எழுதுகிறார் என்ற ஊர்க்கதையை ஒரு சூத்திரத்துக்குள் போட்டிருக்கிறீர்கள். தம்பி, ஆதாரம் இருக்கிறதா? இல்லை என்று நீங்களே அடியில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அது எங்கள் மூத்தவரின் ‘அறியமுடிகிறது’வை விட எந்த விதத்தில் மேல்?

நீங்கள் 2003, 2004இல் பிறந்தவர்கள். இந்த ஊரில் ‘கைக்கூலி’, ‘துரோகி’ என்ற சொற்கள் எங்கே கொண்டுபோய் விட்டன என்பது உங்களுக்குக் கதையாகத்தான் தெரியும். 2000 ஒக்ரோபர் 19, யாழ்ப்பாணத்தில் ஊரடங்கு நேரத்தில் பத்திரிகையாளர் மயில்வாகனம் நிமலராஜனை வீட்டுக்குள் வைத்துச் சுட்டுக் கொன்றார்கள். 2005 ஏப்ரல் 28 இரவு, பம்பலப்பிட்டி பொலிஸ் நிலையத்துக்கு எதிரே, நீங்கள் பஸ் ஏறுகிற அதே காலி வீதியில், தர்மரத்தினம் சிவராமைக் கடத்திக்கொண்டு போனார்கள். அடுத்த நாள் பாராளுமன்றத்துக்குக் கிட்டச் சடலம் கிடந்தது. 2009 ஜனவரி 8, அத்திடியவில் பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்கவைக் கொன்றார்கள். 2010 ஜனவரி 24, பிரகீத் எக்னெலிகொட காணாமல் போனார். அவர் பத்திரிகையாளர் மட்டுமல்ல, கார்ட்டூன் வரைகிறவரும் கூட. கேலி செய்கிற கையும் இந்த ஊரில் தப்பவில்லை. இவர்கள் எழுதியதில் உடன்படாதவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள், நானும் சிலவற்றில் உடன்பட்டதில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒரு பத்திரிகையாளரின் எழுத்தைப் பிழை என்று காட்டலாம். அவர் யாருக்கு வேலை செய்கிறார் என்று ஊகித்துப் பெயர் சூட்டுகிற வேலையை இந்த ஊரில் பகிடிக்குக் கூடச் செய்யக்கூடாது. ஐந்தாம் பக்கத்தை அழித்துவிடுங்கள். அவருடைய படத்தின் மேல் கோடு போட்ட எட்டாம் பக்கத்தையும், சாதி, ஊர் தொட்ட ஒன்பதாம் பக்கத்தையும் அதோடு சேர்த்து.

அடுத்தது ஆறாம் பக்கம். அவருடைய பத்தியை வாசித்தால் இரத்த அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று இருநூறு பேரை அளந்த மாதிரி ஓர் அட்டவணை. யாரையும் அளக்கவில்லை, எண்கள் எல்லாம் நீங்கள் போட்டவை. பகிடிதானே என்கிறீர்கள். இதில்தான் நான் ஆகக் கடுமையாக நிற்பேன்.

2015இல் ஜோன் பொஹானன் என்ற விஞ்ஞானப் பத்திரிகையாளர், ஜெர்மன் தொலைக்காட்சிக்காரர் இருவரோடு சேர்ந்து ஒரு சோதனை செய்தார். சொக்லேட் சாப்பிட்டால் எடை கெதியாய்க் குறையும் என்று ஓர் ஆய்வு. எண்களைக் கற்பனை செய்யவில்லை, பதினைந்து பேரை உண்மையாகவே அளந்தார்கள். ஆனால் ஒவ்வொருவரிலும் பதினெட்டு விஷயங்களை அளந்தார்கள். எடை, கொலஸ்ட்ரோல், நித்திரை என்று இப்படி. ஒவ்வொன்றும் தற்செயலாக ‘முக்கியம்’ என்று தெரிய 5 வீத வாய்ப்பு என்றால், பதினெட்டில் ஒன்றாவது அப்படித் தெரிய ஏறக்குறைய 60 வீத வாய்ப்பு. கணக்கைப் போட்டுப் பாருங்கள், 0.95ஐப் பதினெட்டுத் தடவை பெருக்கி ஒன்றிலிருந்து கழியுங்கள். ஏதோ ஒன்று விழும், விழுந்ததைத் தலைப்பாக்கலாம் என்று தெரிந்தே செய்தார்கள். காசு வாங்கிப் போடுகிற ஒரு சஞ்சிகையில் வந்தது. ஐரோப்பாவிலேயே பெரிய பத்திரிகைகளில் ஒன்றான பில்ட் உட்படப் பல இடங்களில் செய்தியானது. எத்தனை பேரை அளந்தீர்கள் என்ற முதல் கேள்வியைக் கேட்காமலே பலர் போட்டுவிட்டார்கள். பத்திரிகைகளின் அவசரத்தைக் காட்டியது என்ற அளவில் அந்தச் சோதனையை மதிக்கிறேன். ஆனால் அந்தச் சொக்லேட் கதையை வாசித்துவிட்டு, பிறகு வந்த மறுப்பை வாசிக்காமல் விட்டவர்கள் எத்தனை பேர்? அந்தக் கேள்வி என்னை உறுத்துகிறது.

அது சொக்லேட். இங்கே நடந்ததைப் பாருங்கள். 2018 பெப்ரவரி கடைசியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், சாப்பாட்டுக்குள் மலட்டு மாத்திரை போட்டிருக்கிறார்கள் என்று சண்டை தொடங்கியது. சிங்களம் சரியாக விளங்காத கடைக்காரரை ஆம் என்று தலையாட்ட வைத்து வீடியோ எடுத்துப் பரப்பினார்கள். கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பார்த்தபோது அது மாவுக் கட்டி. சாப்பாட்டில் கலந்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை என்று உலகத்தில் ஒன்று கிடையவே கிடையாது. ஒரு கிழமைக்குள் கண்டி திகனவில் வீடுகள் எரிந்தன. பிறகு 2020 டிசம்பரில், தேனும் சாதிக்காயும் கலந்த பாணி கொரோனாவைத் தடுக்கும் என்று கேகாலையில் ஆயிரக்கணக்கானவர்கள் ஓர் ஒழுங்கையில் நெருக்கியடித்து நின்றார்கள். அப்போதைய சுகாதார அமைச்சரே கமராவுக்கு முன்னால் அதைக் குடித்தார். அடுத்த மாதம் அவருக்குத் தொற்று. இவை எவையும் பகிடியாகச் சொல்லப்பட்டவை அல்ல. முழு நம்பிக்கையோடு பரப்பப்பட்டவை. இப்படி ஓர் ஊரில், கற்பனை எண் போட்ட உங்கள் அட்டவணையை ஒருவர் ஸ்கிரீன்ஷொட் எடுத்து, மேலே கீழே வெட்டி, குடும்ப வட்ஸ்அப்பில் போட்டால், நாளைக்கு என் பெரியம்மா என்னைத் தொலைபேசியில் அழைத்து, “பேப்பர் வாசித்தால் பிரஷர் ஏறுமாமே, கொழும்பு கம்பஸ் பிள்ளைகள் கண்டுபிடித்தார்களாம்” என்பார். பகிடி வழியில் கழன்று விழுந்துவிடும், எண் மட்டும் பயணம் போகும். அதனால் வெட்டி எடுத்தாலும் உண்மையாக நிற்கிற எண்ணை மட்டும் அட்டவணையில் வையுங்கள்.

ஏழாம் பக்கத்து வரைபை வைத்துக்கொள்ளுங்கள், அது எனக்கு மிகவும் பிடித்தது. அவர் பத்தி எழுதிய எண்ணிக்கைக்கு எதிராகக் காலி வீதியில் செவ்விளநீர் விலையைப் போட்டு, இரண்டும் சேர்ந்து ஏறுகின்றன என்று காட்டியிருக்கிறீர்கள். ‘நான் எழுதியதால்தான் அரசாங்கம் இறங்கி வந்தது’ என்று அவர் அடிக்கடி எழுதுவதற்கு அது நேரான பதில். 2005இல் பொபி ஹென்டர்சன் என்ற பௌதிகவியல் பட்டதாரி, அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலக் கல்விச் சபைக்கு எழுதிய கடிதத்தில் இதே உத்தியைப் பாவித்தார். உயிர்களை ஓர் அறிவுள்ள சக்தி வடிவமைத்தது என்ற கொள்கையை விஞ்ஞான வகுப்பில் கற்பிக்கப் பார்க்கிறீர்கள், சரி, ‘பறக்கும் ஸ்பகெட்டி அரக்கன்’ உலகைப் படைத்தது என்ற என் கொள்கையையும் கற்பியுங்கள் என்று கேட்டு, கடற்கொள்ளையர் குறையக் குறையப் பூமி சூடாகிறது என்ற வரைபு ஒன்றையும் வைத்தார். இரண்டு கோடு சேர்ந்து போவதால் ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகாது என்பதை ஒரு சின்னப் பிள்ளைக்கும் விளங்க வைத்தது அந்தப் படம். செவ்விளநீர் விலை உண்மையாகவே எடுத்ததுதானா என்று மட்டும் உறுதிப்படுத்துங்கள். கடைக்காரரிடம் கேட்டு, திகதியோடு கொப்பியில் எழுதி வையுங்கள்.

சிக்கல் வருமா என்று கேட்டீர்கள். அவதூறு இலங்கையில் 2002இலேயே தண்டனைச் சட்டக்கோவையிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. ஆனால் நட்டஈடு கேட்டுக் குடியியல் வழக்குப் போடலாம். ‘கைக்கூலி’ மாதிரிச் சொற்கள் அதில்தான் மாட்டும். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பொய்க் கூற்றுகளைப் பற்றியது, கற்பனை அட்டவணையை அழிக்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். மதம், இனம் தொட்டால் 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம், அதாவது குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கைச் சட்டம் இருக்கிறது. 2023 மே மாதத்தில் ஒரு நகைச்சுவைக் கலைஞரை அதன் கீழ்ப் பிடித்து, பிணை கிடைக்க ஜூலை ஆனது. அவரை உள்ளே வைத்தது அநியாயம் என்றுதான் நான் சொல்வேன். உங்கள் கட்டுரையில் நான் வைத்துக்கொள்ளச் சொன்ன பக்கங்கள் மட்டும் இருந்தால் பயப்பட அதிகம் இல்லை. ஆனாலும் வெளியிட முன்னர் தெரிந்த சட்டத்தரணி ஒருவருக்கு ஒருக்கால் காட்டுங்கள்.

இனி வேலையைச் சொல்கிறேன். எண்ணத் தொடங்க முன்னமே எண்ணும் விதியை எழுதி வையுங்கள். ‘விரைவில்’ மட்டுமா, ‘மிக விரைவில்’, ‘வெகு விரைவில்’, ‘அண்மைக் காலத்தில்’ எல்லாமா? தலைப்பில் வருவது சேருமா? தலைப்பு பெரும்பாலும் மேசையில் இருப்பவர் போடுவது, பத்தி எழுத்தாளர் போடுவதில்லை. அதை என் அனுபவத்தில் சொல்கிறேன், தலைப்பை விட்டுவிடுங்கள். நடந்துவிட்டது என்று எதை ஏற்பீர்கள்? ‘கட்சி உடையும்’ என்றால் ஒருவர் விலகினால் போதுமா? இதை எல்லாம் விடை பார்த்த பிறகு தீர்மானித்தால் உங்களை அறியாமலே அவருக்கு எதிராக வளைப்பீர்கள். இரண்டு பேர் தனித்தனியாக எண்ணுங்கள், ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல். இருவருக்கும் வித்தியாசம் வந்த இடங்களில்தான் விதி தெளிவில்லாமல் இருக்கும்.

அவருடைய பத்திகளில் உங்களுக்குப் பிடிக்காதவற்றை மட்டும் எடுக்காதீர்கள். ஒரு காலத்தைத் தீர்மானித்து, அதற்குள் வந்த எல்லாவற்றையும் எடுங்கள். இணையத்தில் இருப்பது முழுமையாக இராது. கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் உங்கள் அறையிலிருந்து நடக்கிற தூரம், 57ஆவது ஒழுங்கையில். அங்கே இல்லாதவற்றுக்குக் கொழும்பு 7இல் தேசிய சுவடிகள் கூடம். நூலகம் எண்ணிமத் தளத்திலும் பழைய ஈழத்துப் பத்திரிகைகள் நிறைய ஏற்றியிருக்கிறார்கள். அதே காலத்தில் எழுதிய இன்னொரு பத்தி எழுத்தாளரையும், முடிந்தால் உங்களுக்கு நன்றாகப் பிடித்தவரையும், அதே விதியால் அளந்து பாருங்கள். எல்லோருடைய ‘விரைவில்’லும் ஒரே நீளம் என்று வந்தால், நீங்கள் நினைத்ததை விடப் பெரிய கட்டுரை கையில் கிடைக்கும். ஓர் ஆளைப் பற்றியதாக இருந்தது தமிழ்ப் பத்தி எழுத்தையே பற்றியதாகிவிடும். அவர் சொல்லி நடந்தவற்றையும் ஒளிக்காமல் போடுங்கள்.

கடைசியாக, வெளியிட ஒரு கிழமைக்கு முன்னர் கட்டுரையை அவருக்கு அனுப்புங்கள். எண்ணிக்கையில் பிழை இருந்தால் சொல்லச் சொல்லுங்கள். கோபப்படலாம், பதிலே போடாமல் விடலாம். மேற்கோளுக்குள் வந்த ஒன்றைச் சுட்டிக் காட்டவும் கூடும். காட்டினால் திருத்தி, திருத்தியது அவர் சொல்லித்தான் என்று அடிக்குறிப்பில் எழுதுங்கள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் சங்க நூலகத்தில் இருப்பேன். இரண்டாவது ஆளாக எண்ண ஒருவர் வேண்டுமென்றால் நான் எண்ணுகிறேன். சிவப்புப் பேனை என்னிடம் இருக்கிறது, கொப்பி மட்டும் கொண்டுவாருங்கள்.